நாய்களுக்கான பிரெஞ்சு மொழித் தேர்வு

அரசாங்கம் ஒரு முடிவுக்கு வருகிறது என்றால் அதற்குத் தக்க காரணம் இருக்கும். சில சமயம் காரணம் முடிவுக்குப் பின்னால் மெதுவாக வந்து சேரும், பஸ் கிடைத்திருக்காது. அதற்காக முடிவைக் குறை சொல்லக் கூடாது.

புதுச்சேரியில், வாய்க்காலுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள பிரெஞ்சுக்காரத் தெருக்களில் திரியும் தெருநாய்கள் இனிமேல் தெருநாய்கள் அல்ல, "பாரம்பரிய நாய்கள்" என்று பாரம்பரிய எழில் பேணல் அலுவலகம் முடிவு செய்தபோதும் இதேதான் நடந்தது. காரணம் ஒரு போட்டோ. வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண், கடுகு மஞ்சள் பூசிய சுவர் ஒன்றின் கீழே படுத்திருந்த நாயைப் படம் பிடித்து, "பிரெஞ்சு ஆன்மா" என்று எழுதி இணையத்தில் போட்டுவிட்டாள். அந்த நாய் அப்போது வெயில் தாங்காமல் மயக்கத்தில் இருந்தது. அது ஆன்மாவாகத் தெரிந்ததற்கு அந்த நாய் பொறுப்பல்ல.

ஒரே வாரத்தில் ஊர் மாறியது. ஒரு முழுச் சாப்பாட்டு விலைக்கு ஒரு பன் விற்கிற கடைகளெல்லாம் வாசலில் நாய்ப் படம் வரைந்தன. நாய் இல்லாத மஞ்சள் சுவரின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளச் சுற்றுலாப் பயணிகள் மறுத்தார்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு பிராய்லர் கோழிக் கடைக்காரர்கூடக் கடைக்குக் கடுகு மஞ்சள் அடித்துப் பார்த்தார். கோழிகளிடம் ஆன்மா எதுவும் தென்படவில்லை.

பாரம்பரியம் என்று ஒன்று ஏற்பட்டுவிட்டால் அதைப் பேண ஆள் வேண்டும். அப்படித்தான் மீனவர் குடியிருப்பான வைத்திக்குப்பத்து நிர்மலாதேவிக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது.

நிர்மலாதேவி பயன்பாட்டு உயிரியலும் விலங்கு அறிவியலும் படித்த எம்.எஸ்சி. முதல் வகுப்பு. அந்தப் படிப்பில் சேர்ந்த அன்றைக்கு, வழவழப்பான தாளில் ஒரு விளம்பரம் கையில் கொடுத்திருந்தார்கள். வனத்துறை, மீன்வளம், கால்நடை, ஆசிரியப் பணி, ஆராய்ச்சி, அயல்நாடு என்று வாய்ப்புகள் அதில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. முடித்து வெளியே வந்தபோது வனத்துறை, வனவியல் படித்தவர் வேண்டும் என்றது. மீன்வளம், மீன்வளம் படித்தவரைக் கேட்டது. கால்நடைக்கு மாட்டு டாக்டர். பள்ளிக்கூடத்துக்குச் சுத்தமான விலங்கியல். ஆக, எல்லா விலங்குகளைப் பற்றியும் படித்துவிட்ட காரணத்தால் எந்த விலங்கிடமும் அவளுக்கு வேலை இல்லை. இதை அவள் போகிற இடமெல்லாம் வாதாடிப் பார்த்தாள். வாதத்தில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. வேலைதான் கிடைத்ததில்லை.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். நடுவில் துணை இயக்குநர் இராமதாஸ். அவருக்கு வலப்பக்கம் கணக்கு அதிகாரி ஒருவர், எதுவும் கேட்காமல் இருப்பதற்காக. இடப்பக்கம் ஜோசெத் மதாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்து காலமான ஒரு சிப்பாயின், ஊர்ப் பேச்சில் சொல்தாவின், மனைவி. இந்த அலுவலகத்தில் எந்தக் குழு போட்டாலும் பிரெஞ்சு தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. கழிவுநீர்க் குழுவிலும் மதாம்தான் இருந்தார்.

"ஒரு நாயைப் பார்த்தா, அது பிரெஞ்சு நாயா, நம்ம நாயான்னு எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?" என்றார் இராமதாஸ்.

"எல்லாம் ஒரே நாய்தான் சார்."

"அதெப்படி? வாய்க்காலுக்கு அந்தாண்ட இருக்கறதும் இந்தாண்ட இருக்கறதும் ஒண்ணாயிடுமா?"

"வாய்க்கால் மேல பாலம் இருக்குது சார். நாய் நடந்து வரும்."

இராமதாஸுக்கு இந்தத் தகவல் புதிதாக இருந்தது.

"மரபணுவை எடுத்துப் பார்க்கலாம்," என்றாள் நிர்மலாதேவி. "பார்த்தாலும் ஒரே நாய்னுதான் வரும்."

"ஒரே நாய்னு வர்றதுக்கு எதுக்கும்மா செலவு?" என்றார் கணக்கு அதிகாரி. அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான். அதிலும் நியாயம் இருந்தது.

ஜோசெத் மதாம் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டே, "எங்க வாசல்ல படுக்குதே ஒரு கெழம், அதுக்குப் பிரெஞ்சு மட்டுந்தான் புரியும். நான் திட்றது எல்லாம் பிரெஞ்சுலதானே," என்றார். பேச்சுவாக்கில் சொன்னதுதான்.

ஆனால் இராமதாஸ் நிமிர்ந்துவிட்டார். அவருடைய மச்சான் ஒருவர், கட்டிய மனைவி பாரீஸில் இருக்க, பிரெஞ்சுக் குடியுரிமைக்கான மொழித் தேர்வில் திரும்பத் திரும்பத் தவறி, இன்னும் முதலியார்பேட்டையில் செல்போனுக்கு உறை விற்றுக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் தேர்வின் மேல் ஒரு தெய்வ பயமே உண்டு.

"இதுதான் வழி. நம்ம ஊர்ல ஒருத்தன் பிரெஞ்சுக்காரனா ஆகலாமா கூடாதான்னு எப்படி முடிவு பண்றாங்க? பரீட்சை வெச்சுத்தானே? மனுசனுக்கு ஒரு நியாயம், நாய்க்கு ஒரு நியாயமா?"

நிர்மலாதேவியிடம் இதற்கு மறுப்புகள் தயாராக இருந்தன. மொழி மரபணுவில் இறங்காது என்பது முதல் மறுப்பு. வாயைத் திறந்தாள்.

"ஒப்பந்தம் பதினோரு மாசம்," என்றார் இராமதாஸ். "திட்டம் ஜெயிச்சா நிரந்தரம்."

நிரந்தரம் என்ற சொல் காதில் விழுந்ததும் முதல் மறுப்பு உட்பட எல்லா மறுப்புகளும் எங்கேயோ நிழல் பார்த்துப் படுத்துக்கொண்டன. "எந்தெந்த வார்த்தை சார் கேட்கணும்?" என்றுதான் அவள் வாயிலிருந்து வந்தது.

அன்று மாலை கடற்கரையில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா ராஜாம்பாளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னா வேலைடி?"

"நாய்க்கு மொழித் தேர்வு அலுவலர்."

ராஜாம்பாள் கூடையைக் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "நாய்கிட்ட பேசறதுக்கா அஞ்சு வருசம் காலாப்பட்டு காலேஜுக்கு பஸ்ல தொங்கிக்கினு போனே? நான் படிக்காமலே பேசறேனே."

"நீ திட்றே. அது வேற."

"அது இன்னா பதில் பேசுதான்னு கவர்மெண்டுக்குத் தெரியணுமா?"

"உட்காருன்னு பிரெஞ்சுல சொன்னா உட்காருதான்னு தெரியணும்."

"உட்காரலைன்னா?"

"வண்டியில ஏத்தித் தட்டாஞ்சாவடி ஷெட்டுக்கு அனுப்பிடுவாங்க. பாரம்பரியம் இல்லாத நாய்னு."

ராஜாம்பாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "நிரந்தரம்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"அப்ப சரி. உட்காருதான்னு நல்லாப் பாரு."

முதல் தேர்வு கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் நடந்தது. பந்தல் போட்டு, சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். பாடத்திட்டம் இரண்டே சொல். "அஸ்ஸி" என்றால் உட்கார வேண்டும். "கூஷே" என்றால் படுக்க வேண்டும். ஜோசெத் மதாம் குரல் கொடுக்க, நிர்மலாதேவி முடிவைச் சொல்ல, இராமதாஸ் வணக்கத்துக்குரிய ஓர் அமைதியுடன் நின்றார்.

"அஸ்ஸி," என்றார் மதாம்.

கொட்டாவி விட்டது ஒரு நாய். இன்னொன்று பந்தல் காலை மோந்து, அதன் மேல் தன் கருத்தைப் பதிவு செய்தது. தலைமுறை தலைமுறையாக அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த நாய்கள். ஆனால் அவற்றோடு பேசுகிறவர்கள் எல்லாரும் வெளியூர்ப் பயணிகள். பிஸ்கட் உறை கிழிபடும் ஓசை தவிர எந்த மொழியும் அவற்றுக்குப் பழக்கமில்லை. போட்டோவில் ஆன்மாவாக வந்த அந்த நாயே "அஸ்ஸி" என்றதும் எழுந்து போய்விட்டது.

தேறியது மதாம் வீட்டுக் கிழம் ஒன்றுதான். அது தேர்வு தொடங்குவதற்கு முன்பே உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணுதானா?" இராமதாஸின் குரல் இறங்கிவிட்டது. "ஒரு நாயை வெச்சுக்கிட்டு ஒரு திட்டம் நடத்த முடியாதும்மா. திட்டத்தை முடிச்சிட வேண்டியதுதான். உங்க ஒப்பந்தத்தையும் சேர்த்து."

"ஒரு மாசம் டைம் குடுங்க சார்," என்றாள் நிர்மலாதேவி. "மத்த இடங்கள்லயும் தேடிப் பார்க்கறேன். பிரெஞ்சுக்காரங்க போகும்போது எத்தனையோ நாய் வைத்திக்குப்பம் பக்கம் ஒதுங்கியிருக்கலாம்."

இதைச் சொல்லும்போது அவளுக்கே கூசியது. ஆனால் விலங்கு அறிவியலில் ஒரு கருதுகோள் எழுப்ப யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

விடியற்காலை படகுகள் கரை ஏறும் நேரத்தில் வைத்திக்குப்பத்தில் வகுப்பு தொடங்கியது. அவள் படித்த படிப்பு முதன்முதலாகப் பயன்பட்டது அங்கேதான். ஒரு செயலைச் செய்தால் பரிசு. பரிசு கிடைத்தால் அந்தச் செயல் பழக்கம். பரிசு, அம்மா கூடையிலிருந்து வந்த மீன் தலை. "அஸ்ஸி" என்பாள், நாயின் பின்புறத்தை மெல்ல அழுத்துவாள், சங்கரா மீன் தலை ஒன்றைப் போடுவாள். ஒரே வாரத்தில் அழுத்த வேண்டிய தேவையே இல்லாமல் போனது. "அ" என்றாலே கடற்கரை நாய்கள் வரிசையாக உட்கார்ந்தன. முதல் மாணவன், படகுக்காரர் வெற்றிவேல் வளர்த்த, காது கிழிந்த ஒரு செவலை நாய்; பெயர் மண்ணாங்கட்டி.

செய்தி பரவியது. "யம்மா நிர்மலா, எங்க வூட்டு நாய்க்கும் ரெண்டு வார்த்தை போட்டு வுடு," என்று வந்தார்கள். "படிப்பு வராதுன்னா இப்பவே சொல்லிடு, வேற வழி பார்த்துக்கறேன்," என்றாள் ஒருத்தி, தன் நாயைப் பற்றி. அவள் மகன் பத்தாவதில் படித்துக்கொண்டிருந்தான். அவனைப் பற்றி அப்படி ஒருமுறையும் கேட்டதில்லை. வலை உலர்த்துகிறவர்கள் ஒருவரையொருவர் "அஸ்ஸி" என்று அதட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அடுத்த தேர்வில் வைத்திக்குப்பம் நாய்கள் அத்தனையும் தேறின. மண்ணாங்கட்டி "கூஷே"க்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்த நேர்த்தியைப் பார்த்து ஜோசெத் மதாமே, "என் புருசன்கூட இவ்ளோ சொன்ன பேச்சுக் கேட்டதில்ல," என்றார். இராமதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அசல் பிரெஞ்சு வாசனை வைத்திக்குப்பத்தில்தான் தங்கியிருக்கிறது என்று அங்கேயே அறிவித்தார். அங்கே வந்த வாசனை வேறு என்று யாரும் சொல்லவில்லை.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. மஞ்சள் சுவர்களின் கீழ் பிறந்த நாய்கள் பாரம்பரியமற்றவை என்று வண்டி ஏற்றப்பட்டன. மீன் வாடை வீசும் நாய்கள் கழுத்தில் நீலப் பட்டையுடன் அந்தச் சுவர்களின் கீழ் அமர்த்தப்பட்டன. பயணிகள் மகிழ்ந்தார்கள். "ஆன்மா இப்போதான் இன்னும் நல்லாத் தெரியுது," என்றான் கேமராவோடு வந்த ஒருவன்.

திட்டம் விரிந்தது. பயிற்றுநர்கள் தேவைப்பட்டார்கள். நிர்மலாதேவியோடு படித்தவர்கள் எல்லாரும் ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தார்கள். தங்கப் பதக்கம் வாங்கிய அருள்முருகன், தட்டாஞ்சாவடியில் நாய் பிஸ்கட் பாக்கெட் கட்டும் வேலையை விட்டுவிட்டு வந்தான்.

"பாக்கெட் வேலையே நிரந்தரமாச்சேடா," என்றாள் நிர்மலாதேவி.

"அது தனியார். இது அரசாங்கம்."

"இதுவும் பதினோரு மாசந்தான்."

"அரசாங்கத்தோட பதினோரு மாசம் வேற, நிர்மலா. அதுல ஒரு எதிர்காலம் இருக்குது. எங்க ஊர்ல எனக்குப் பொண்ணு பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க."

அவள் படித்த துறையில் புது விளம்பரத் தாள் அச்சானது. அதில் நீலப் பட்டை அணிந்த மண்ணாங்கட்டியின் படமும், பின்னால் மங்கலாக நிர்மலாதேவியும் இருந்தார்கள். வாய்ப்புகள் எல்லையற்றவை என்று மேலே எழுதியிருந்தது. அந்த ஆண்டு அந்தப் படிப்புக்கு இடம் கிடைக்காமல் பலர் திரும்பிப் போனார்கள்.

பதினோராவது மாதம் நெருங்கும்போது தணிக்கைக்காரர் வந்தார். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர.

"மீன் தலை வாங்கியிருக்கீங்க," என்றார்.

"ஆமா சார், பயிற்சிக்கு," என்றார் இராமதாஸ்.

"தலை மட்டும் வாங்கியிருக்கீங்க. உடம்பு எங்கே?"

இராமதாஸ் நிர்மலாதேவியைப் பார்த்தார்.

"உடம்பை விக்கறவங்க வித்துடுவாங்க சார். தலை தனியா கிடைக்கும்," என்றாள்.

"அரசாங்கம் ஒரு பொருளை வாங்கினா முழுசா வாங்கணும். பாதி நாற்காலி வாங்குவீங்களா? உடம்பு எங்கே போச்சுன்னு விளக்கம் வர்ற வரைக்கும் மீன் தலையை நிறுத்தி வைங்க."

அன்றோடு மீன் தலை நின்றது. அடுத்து என்ன ஆகும் என்று நிர்மலாதேவிக்குத் தெரியும். இரண்டாம் பருவப் பாடம். பரிசு நின்றால் முதலில் விலங்கு பதறும். முன்னைவிட வேகமாக, முன்னைவிடப் பல தடவை அதே செயலைச் செய்து பார்க்கும். பிறகு சலிக்கும். பிறகு விட்டுவிடும். எலியோ, புறாவோ, நாயோ, விதி ஒன்றுதான்.

அப்படியே நடந்தது. முதல் இரண்டு நாள் நாய்கள் சொல்லாமலே உட்கார்ந்தன, சொன்னால் இரண்டு தடவை உட்கார்ந்தன, பயிற்றுநர்களின் கையையே பார்த்தன. அப்புறம் ஒவ்வொன்றாக எழுந்து படகுகளின் பக்கம் நடக்கத் தொடங்கின.

"பரிசு இல்லன்னா பழக்கம் அத்துப்போயிடும் சார்," என்றாள் இராமதாஸிடம். "எந்தப் பிராணியும் சும்மா உட்காராது."

"அர்ப்பணிப்புன்னு ஒண்ணு வேண்டாமாம்மா?"

"நாய்ங்க சார்."

"நாயா இருந்தாலும் அரசு நாய்," என்றார் இராமதாஸ். மறுநாள் சுற்றறிக்கை வந்தது. மீன் தலைக்குப் பதிலாக இனி முன்னுதாரணம் பயன்படுத்தப்படும். "அஸ்ஸி" என்ற சொல் ஒலித்ததும் பயிற்றுநர்கள் தாமே முதலில் அமர்ந்து விலங்குகளுக்கு வழிகாட்ட வேண்டும். நிரந்தரமாக்குதல் பற்றிப் பரிசீலிக்கும்போது இது கருத்தில் கொள்ளப்படும்.

முதுநிலைப் பட்டதாரிகள் நாய்களைத் தேடிப் போய் வைத்திக்குப்பம் மணலில் உட்கார்ந்தார்கள். எழுந்தார்கள். மறுபடி உட்கார்ந்தார்கள். நிர்மலாதேவி முதல் நாள் மறுத்தாள். "இது அறிவியலுக்கே எதிரானது," என்று அரைமணி நேரம் நின்றபடி வாதாடினாள், வழக்கம்போல ஜெயித்தாள். கருத்தில் கொள்ளப்படும் என்ற வரியை அன்றிரவு இன்னொரு தடவை நினைத்துப் பார்த்தாள். மறுநாளிலிருந்து எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்தாள். அருள்முருகன் "கூஷே"க்குக் கைகால் நீட்டிப் படுப்பதில் தேர்ந்துவிட்டான். நாய்கள் சற்றுத் தள்ளி நின்று இதையெல்லாம் பார்த்தன. கற்றுக்கொள்ள அவற்றுக்கு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஒப்பந்தம் முடிகிற வாரத்தில் புதிதாக வந்த செயலாளர் திட்டத்தைப் பார்வையிட்டார். திட்டம் ஜெயித்ததா இல்லையா என்று அவர்தான் சொல்ல வேண்டும். மஞ்சள் சுவரின் முன்னால், அன்று காலை பிடித்து வந்து நிறுத்திய நீலப் பட்டை நாய்கள் முன்வரிசையில். அவற்றின் பின்னால், வெள்ளைச் சட்டையில் பயிற்றுநர்கள். மாடியிலிருந்து ஜோசெத் மதாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருக்கோடியில் ராஜாம்பாள், மகளுக்கு வேலை நிரந்தரமாவதைப் பார்க்க அன்று கூடை எடுக்காமல் வந்திருந்தாள்.

"நானே சொல்லட்டுமா?" என்றார் செயலாளர்.

"தாராளமா சார்."

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அஸ்ஸி."

மண்ணாங்கட்டி அவர் வலது கையைப் பார்த்தது. இடது கையைப் பார்த்தது. இரண்டிலும் ஒன்றுமில்லை. திரும்பி, வைத்திக்குப்பத்தை நோக்கி நடந்தது. மற்ற நாய்களும் அவசரம் இல்லாமல் அதன் பின்னால் போயின.

நாய்கள் விலகிய இடத்துக்குப் பின்னால் செயலாளர் கண்ட காட்சி: முதுநிலைப் பட்டதாரிகள் ஒரு வரிசை, முதுகு வளையாமல், கை மடியில் வைத்து, சுடுகிற கருங்கல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நிர்மலாதேவி. எப்போது உட்கார்ந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

செயலாளர் நெகிழ்ந்துபோனார். "ஒரே வார்த்தை. அத்தனை பேரும். இவங்களுக்கு என்ன குடுக்கறீங்க?"

"இன்னும் ஒண்ணும் குடுக்கல சார்," என்றார் இராமதாஸ். "குடுப்போம்னு சொல்லியிருக்கோம்."

"அதுக்கேவா?"

"பதினோரு மாசத்துக்கு ஒரு தடவை சொன்னாப் போதும் சார்."

"பிரமாதம். திட்டம் வெற்றி. இன்னொரு பதினோரு மாசத்துக்குச் சொல்லிடுங்க." செயலாளர் கைதட்டினார். இராமதாஸ் தட்டினார். உட்கார்ந்திருந்தவர்களும் தட்டினார்கள்; ராஜாம்பாள் மட்டும் தட்டவில்லை.

மாடியில் ஜோசெத் மதாமுக்குப் பொறுக்கவில்லை. கம்பியைப் பிடித்துக் குனிந்து, இறந்துபோன தன் சொல்தாவைப் படுக்கையிலிருந்து கிளப்புவாரே அதே குரலில், எழுந்திருங்கள் என்று பிரெஞ்சில் கத்தினார்: "தெபூ."

"மதாம் இன்னா சொல்றாங்க?" என்றான் அருள்முருகன், வாய் அசையாமல்.

"தெரியல," என்றாள் நிர்மலாதேவி. "பாடத்திட்டத்துல இல்ல."